திட்ட அறிக்கையை நாமே எழுத வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு ஷாம்பு தொழிலைத் தொடங்கியதை ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம், ஆனால் அவர் போட்ட கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் தன்னுடைய ‘சிக்’ ஷாம்பு பாக்கெட் ஒன்று இலவசம் என்றார், ஜனங்களுக்குப் பழகியதும் இனி காலி சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். முதலில் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அப்புறம் அந்தக் கையிலேயே நிற்க வேண்டும், இரண்டுக்கும் தனித்தனித் திட்டம்.

நான் மஞ்சக்குப்பத்தில் டிபன் கடை போட்டபோது இதெல்லாம் யோசிக்கவில்லை. கடனுக்காக ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்துத் திட்ட அறிக்கை எழுதி வாங்கி, படித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். தினமும் 200 பேர் சாப்பிட வருவார்கள் என்று 12 மாதத்துக்கும் ஒரே எண்! ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் மழை எப்படிக் கொட்டும் என்று நமக்குத் தெரியாதா? வாசலில் முழங்கால் தண்ணீர், உள்ளே அரைத்த மாவு புளித்துப் பொங்கி வழிகிறது, கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. தை பிறப்பதற்குள் மூடிவிட்டேன்.

இப்போது மறுபடியும் தொடங்கப்போகிறேன். வாடகை, கேஸ், ஆள் கூலி, மழை மாதத்துக்கான கையிருப்பு என்று மாதவாரியாக நானே ஒரு நோட்டில் எழுதுகிறேன், மூன்று வாரமாகியும் முடியவில்லை.

மாவட்டத் தொழில் மையத்தில் கடனுக்கு விண்ணப்பிக்கும் தம்பி, தங்கைகளே, அறிக்கையைத் தயவுசெய்து நீங்களே எழுதுங்கள். நம் மாவட்டத் தொழில்முனைவோர் முதல் வருடம் போட்ட வரவுசெலவுக் கணக்கை வாரம் ஒன்றாக உங்கள் நாளிதழ் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்