பாதிச் செய்தி நோயாளரைப் பயமுறுத்தும்

ஆசிரியருக்கு,

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, புதிய மாத்திரைகள் இதயத்தையும் நரம்பையும் பாதிக்கும் என்பதோடு நின்றுவிட்டது. அவை வருமுன் நோயாளர் எதையெல்லாம் இழந்தார்கள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

என் அண்ணனுக்குக் கிடைத்தது பழைய சிகிச்சை. மாதக்கணக்கில் கனமைசின் ஊசி. நோய் சுகமாகியது, காது போய்விட்டது. கொழும்பு ஜம்பட்டா வீதியைக் கடக்கையில் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் முச்சக்கரவண்டி அவருக்குத் தெரியாது. நாங்கள்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். கேட்கும் திறன் பறிபோகலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் கையொப்பமிட்ட படிவத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி!

அந்த ஊசியைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2018இல் கூறிவிட்டது. 2022இல் அது பரிந்துரைத்தது, பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மொக்சிஃப்ளொக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சை. எல்லாம் மாத்திரைகள். முன்பு சிகிச்சை ஒன்றரை வருடத்துக்கும் மேல் இழுபட்டது.

ஆபத்து இதிலும் உண்டு, மறுக்கவில்லை. மொக்சிஃப்ளொக்சசின் இன்றி மற்ற மூன்றையும் சேர்த்து, லினசோலிட்டை நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கொடுத்த முதல் ஆய்வில் 81 சதவீதமானோருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. ஆனால் மிகக் கடுமையான காசநோய் கொண்ட அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள். அடுத்த ஆய்வில் அளவை 600 ஆக்கியபோது நரம்புப் பாதிப்பு 24 சதவீதமாக இறங்கியது. தேறியவர்களின் விகிதம் குறையவில்லை. கட்டுரையில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

பெடாகுயிலினால் இதயத்துடிப்பில் வரும் மாற்றத்தை ஈசிஜி காட்டிவிடும். லினசோலிட்டால் இரத்தம் குறைந்தால் பரிசோதனையில் தெரியும். ஆனால் அதே லினசோலிட்டால் பாதம் விறைப்பதையும் நிறங்கள் மங்குவதையும் பெரும்பாலும் நோயாளிதான் முதலில் உணர்கிறார். செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்தீர்களா, சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறதா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் அவருடைய மொழியில் கேட்க வேண்டும். நேரத்தோடு தெரிந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது அந்த ஒரு மருந்தை நிறுத்துவார். தாமதித்தால் பார்வை திரும்பாமலே போகலாம்.

கட்டுரையாளர் அடுத்த இதழில் இந்த அறிகுறிகளையாவது எழுதட்டும். சென்ற வாரம் அதைப் படித்துவிட்டு, மாத்திரையை இடையில் விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் இருக்கக்கூடும்.

வாசகி,
கொழும்பு 13