பல்லாவரத்துக் கல்லையும் பார்த்துவிட்டு வா

அன்புள்ள பாப்பா,

கூட வருவதாக இருந்த தோழிகள் இரண்டு பேருமே வரவில்லை, கொல்கத்தா பயணத்தையே விட்டுவிடலாமா என்று நேற்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்திலேயே நின்றதால் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். விட்டுவிடாதே. தனியாகவே போ.

1988-ல் வங்கியில் என்னை அந்த ஊருக்கு மாற்றினார்கள், மூன்று வருஷம் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு அறை, நம் ஊர்க்காரர் நடத்திய மெஸ்ஸில் சாப்பாடு. முதல் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்குப் பயமாக இருக்கும் என்பதை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. மொழி தெரியாது, பேச ஆள் இல்லை. அறையிலேயே படுத்துக் கிடப்பேன். ஒரு நாள் தாங்க முடியாமல் வெளியே கிளம்பினேன். அதற்குப் பிறகு அந்த ஊரை நான் பார்த்த மாதிரி வேறு எந்த ஊரையும் பார்த்ததில்லை.

முதலில் போனது சௌரங்கி சாலையில் இருக்கும் இந்திய அருங்காட்சியகம். அங்கே எல்லாரும் 'ஜாதுகர்' என்பார்கள். 1814-ல் தொடங்கியது, நம் நாட்டிலேயே பழையது. எகிப்திய மம்மி, திமிங்கில எலும்பு, நாணயம், பாறை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினேன். சாயங்காலம் தலைவலியோடு திரும்பினேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி போய் பார்ஹுத் கூடத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் இருந்தேன். மத்தியப் பிரதேசத்தில் இருந்த ஒரு ஸ்தூபியின் செந்நிறக் கல் வேலி அது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. அதில் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைச் செதுக்கி, எது எந்தக் கதை என்று பிராமி எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். புத்தருக்கு ஒரு தோட்டம் வாங்க வேண்டும், தரை முழுக்கக் காசு பரப்பினால்தான் தருவேன் என்கிறான் சொந்தக்காரன். ஒரு வியாபாரி வண்டியில் காசு கொண்டுவந்து இறக்கிப் பரப்புகிறார். அந்தச் சிற்பத்தில் வண்டி இருக்கிறது, அவிழ்த்துவிட்ட மாடுகள் இருக்கின்றன, சதுரச் சதுரமாகக் காசு இருக்கிறது. அதைத் தேடிப் பார். கூட யாராவது இருந்தால் 'போதும் வா' என்று இழுத்திருப்பார்கள்.

அதனால் ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், அதற்கு மேல் வைத்துக்கொள்ளாதே. விக்டோரியா நினைவகத்துக்கு ஒரு காலை, தாகூர் பிறந்து வளர்ந்து கண் மூடிய ஜொராசாங்கோ வீட்டுக்கு ஒரு காலை. அருங்காட்சியகத்தையும் சேர்த்து மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை, அதை மறந்துவிடாதே. பார்க் ஸ்ட்ரீட், காளிகாட் மாதிரி பழைய வடக்கு-தெற்கு மெட்ரோ பாதையை ஒட்டித் தங்கு. இந்தியாவின் முதல் மெட்ரோ அதுதான், 1984-ல் ஓட ஆரம்பித்தது. ஜொராசாங்கோவுக்கு கிரீஷ் பார்க், அருங்காட்சியகத்துக்கு பார்க் ஸ்ட்ரீட், நாடகத்துக்கு ரவீந்திர சதன் என்று எல்லாம் அந்த ஒரே பாதையில் வந்துவிடும்.

நாடகத்தைப் பற்றி உன்னிடம் பேசத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். ரவீந்திர சதன் ஸ்டேஷனில் இறங்கினால் ரவீந்திர சதன் அரங்கம், சிசிர் மஞ்ச, அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் எல்லாம் நடக்கிற தூரம்தான். சினிமாவுக்குப் போகிற மாதிரி அங்கே குடும்பத்தோடு நாடகத்துக்கு வருவார்கள். 'குரூப் தியேட்டர்' என்பார்கள். 1948-ல் சம்பு மித்ராவும் நண்பர்களும் பொஹுரூபீ என்ற குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்து வேரூன்றிய வழக்கம். நடிப்பவர்களில் நிறையப் பேர் பகலில் ஆபீஸ் போகிறவர்கள். எங்கள் கிளையிலேயே ஒருவர் இருந்தார். மதியம் வரைக்கும் லெட்ஜர் பார்ப்பார், சாயங்காலம் ராஜாவாக நிற்பார்.

முதல் முறை அகாடமியில் உட்கார்ந்தபோது ஒரு வரி புரியவில்லை. இடைவேளையில் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அதுவரை நடந்த கதையை ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாம் பாதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு போனபோது அவரே கை காட்டி அழைத்து, எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார். அப்புறம் மூன்று வருஷத்தில் எத்தனை நாடகம் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. வங்காளம் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். நீயும் மொழி தெரியாது என்று தயங்காதே. பெரும்பாலும் மாலை ஆறரைக்குத் தொடங்குவார்கள். அரை மணி முன்னதாகப் போய் கவுன்டரில் டிக்கெட் வாங்கி, பக்கத்தில் இருக்கிறவரிடம் கதையைக் கேள். கட்டாயம் சொல்வார்கள்.

ஒரு மாலை வடக்கே ஹாதிபாகான் போய் ஸ்டார் தியேட்டர் வாசலில் நின்றுவிட்டு வா. வினோதினி தாசி என்ற நடிகை, புது அரங்கம் கட்டப் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு செல்வந்தருடைய ஆதரவில் வாழ ஒப்புக்கொண்டார். உன் பெயரையே அரங்கத்துக்கு வைப்போம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1883-ல் திறந்தபோது 'ஸ்டார்' என்று வைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வயதுகூட ஆகாமல் அவர் மேடையை விட்டு விலகினார், பிற்பாடு தன் கதையைத் தானே எழுதினார். நீ பார்க்கப்போவது அவர் நடித்த கட்டடம் இல்லை, பிறகு வேறு இடத்தில் கட்டியது. ஆனாலும் 2024 கடைசியில் அந்த அரங்கத்துக்கு வினோதினியின் பெயரை வைப்பதாக அறிவித்தார்கள். பேப்பரில் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். நூற்று நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது, பாப்பா.

அருங்காட்சியகம் மூடியிருக்கும் திங்கட்கிழமையை ஆற்றங்கரை ஊர்களுக்கு வைத்துக்கொள். ஹவுராவிலிருந்து பாண்டேல் போகும் லோக்கலில் ஏறு. காலையில் கூட்டமெல்லாம் ஹவுராவைப் பார்த்து வரும், நீ எதிர்ப்பக்கம் போவதால் உட்கார இடம் கிடைக்கும். மகளிர் பெட்டியும் உண்டு. அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆனால் ஸ்ரீராம்பூர் வந்துவிடும். டேனிஷ்காரர்கள் ஆண்ட ஊர். பள்ளியில் உன்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனார்களே, அதையும் இதையும் சேர்த்துத்தான் அவர்கள் 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றார்கள். பாதிரியார் வில்லியம் கேரியின் கல்லூரி, செயின்ட் ஓலாவ் தேவாலயம் இரண்டையும் பார்த்துவிட்டு அதே பாதையில் சந்தன்நகர் போ. 1950 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஆற்றங்கரை ஸ்ட்ராண்டில் உட்கார்ந்தால் புதுச்சேரி நினைவு வரும். அங்கே ஜல்பரா சந்தேஷ் என்ற இனிப்பைச் சாப்பிடு, கடித்தால் உள்ளே பாகு இருக்கும். இருட்டுவதற்கு முன் ஹவுரா திரும்பி, படகில் ஆற்றைக் கடந்து கொல்கத்தா கரைக்கு வா. பாலத்தை ஆற்றிலிருந்து பார்க்க வேண்டும்.

சாந்திநிகேதனை இதில் திணிக்காதே. போய்த் திரும்புவதற்கே பகல் போய்விடும். அதற்கு இன்னொரு முறை, ஓர் இரவு தங்குகிற மாதிரி போகலாம். புதன்கிழமை அங்கே வார விடுமுறை.

அப்புறம் ஒரே ஒரு இடம். எஸ்பிளனேடிலிருந்து நடந்து போகிற தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். அதன் வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. 1690-ல் அங்கே வந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி ஆள். ஊரையே உருவாக்கியவர் என்று எழுதுவார்கள், அப்படிச் சொல்லக் கூடாது என்று 2003-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அவர் முக்கியமில்லை. எங்கள் கிளையில் நிலவியல் படித்த ஒரு வங்காளி, 'சொந்த ஊர் எது?' என்று கேட்டார். மெட்ராஸ், பல்லாவரம் என்றேன். எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். மதிய உணவு நேரத்தில் அந்தக் கல்லறைக்கு அழைத்துப் போய் கறுத்த கல்லைக் காட்டினார். அது பல்லாவரத்திலிருந்து வந்த கல். அந்தக் கல்லறையை வைத்துத்தான் அந்த வகைப் பாறைக்கே சார்னோகைட் என்று பெயர் வந்தது. நம் மொட்டைமாடியிலிருந்து தெரியும் குன்றின் பாறை, ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய் முந்நூறு வருஷமாக அங்கே இருக்கிறது. அன்று ராத்திரி ஆறு மாதத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு ஒரு செய்தி போடு. எனக்கு, முதல் நாடகம் முடிந்து வெளியே வந்ததும் போன் செய். எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா