தேடியும் கிடைக்காதவற்றை அச்சிடுங்கள்: அறிவியல் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முறையாகத் திட்டமிட்டுப் போதிய அளவு தேடிய பிறகும் எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை என்று தெரிவிக்கும் ஆய்வுக்கட்டுரைகளை, புதுமை இல்லை என்ற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். துகள் இயற்பியலார் இத்தகைய முடிவுகளின் அருமையை நெடுங்காலமாக உணர்ந்திருக்கிறார்கள். மருத்துவமும் உயிரியலும் வேதியியலும் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை என்பதே என் கவலை.

ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில், தரைக்கு அடியில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில், 3,000 டன் நீரைக் கொண்டு 1983-இல் இயங்கத் தொடங்கிய கமியோகாண்டே கருவி, அணுக்கருவில் உள்ள புரோட்டான் என்னும் துகள் தானாகவே சிதைகிறதா என்று பார்ப்பதற்காகவே அமைக்கப்பட்டது. அடிப்படை விசைகளை ஒன்றிணைக்க முன்வைக்கப்பட்ட கோட்பாடுகளுள் மிக எளிமையானது சரியென்றால், அவ்வளவு நீரில் அந்தச் சிதைவு தென்பட்டிருக்க வேண்டும். ஒன்றுகூடத் தென்படவில்லை. அந்த வெறுமையை ஆய்வாளர்கள் முறைப்படி வெளியிட்டார்கள். பிற கருவிகளின் முடிவுகளும் அதையே சொன்னதால், அழகான அந்தக் கோட்பாட்டின் எளிய வடிவத்தை இயற்பியலார் கைவிட நேர்ந்தது. 1987 பிப்ரவரியில், அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்த 11 நியூட்ரினோக்களை, அதாவது பொருளோடு மிக அரிதாகவே வினைபுரியும் நுண்துகள்களை, அதே கருவி பதிவு செய்தது உலகறிந்த வெற்றி. அது நிகழாமலே போயிருந்தாலும் முதல் முடிவின் மதிப்பு துளியும் குறைந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குப் பின் வந்த, 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் கமியோகாண்டே கருவி இன்றுவரை ஒரு சிதைவையும் காணவில்லை. ஆயினும் அதன் கட்டுரைகள், முக்கியமான ஒரு சிதைவு வழியில் புரோட்டானின் ஆயுள் ஒன்றுக்குப் பின் 34 சுழியங்கள் இட்ட ஆண்டுகளுக்கும் அதிகம் என்ற எல்லையை வகுத்துத் தந்திருக்கின்றன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 10 டன் திரவ செனானைக் கொண்டு கரும்பொருளை, அதாவது ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பை உணர்த்தும் புலப்படாத பொருளைத் தேடும் லக்ஸ்-செப்ளின் குழுவும், துகள் சிக்காத ஒவ்வொரு கட்டத்திலும் இதையேதான் செய்கிறது.

மருத்துவத்தின் நிலை வேறு. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னரும் அவருடைய குழுவினரும் பின்தொடர்ந்து, 2008-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்து பயன் தருகிறது என்று அந்த நிர்வாகம் மதிப்பிட்ட 38 ஆய்வுகளில் 37 அச்சேறியிருந்தன. பயன் தரவில்லை அல்லது ஐயத்துக்குரியது என்று மதிப்பிடப்பட்ட 36 ஆய்வுகளிலோ 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமான முடிவு போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன. மூன்று மட்டுமே உள்ளதை உள்ளபடி கூறின. வெளியான கட்டுரைகளை மட்டும் நம்பி மருந்தெழுதிய மருத்துவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், அவர் கண்ட சித்திரம் திரிந்ததுதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

இப்போது இயந்திரக் கற்றலும் அறிவியலுக்குள் நுழைந்துவிட்டதால் இந்தக் குறை இன்னும் ஆழமாகிறது. வெற்றிகளை மட்டுமே படித்த கணினி, எங்கே வழி அடைபட்டிருக்கிறது என்பதை எப்படி அறியும்? ஹேவர்ஃபோர்ட் கல்லூரியைச் சேர்ந்த வேதியியலாளர்களும் அவர்களுடன் பணியாற்றியோரும், ஆய்வகக் குறிப்பேடுகளில் முடங்கிக் கிடந்த தோல்வியுற்ற வினைகளைத் தொகுத்து ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். புதிய படிகங்கள் உருவாவதற்கான நிலைமைகளை முன்கணிப்பதில் அந்த மாதிரி 89 விழுக்காடு வெற்றி பெற்றது. அனுபவமுள்ள வேதியியலாளரின் உள்ளுணர்வு பெற்றது 78 விழுக்காடு. 2016-இல் வெளியான இம்முடிவு, எத்தனை ஆய்வகங்களின் குறிப்பேடுகள் இப்படி யாருக்கும் பயன்படாமல் மூடிக் கிடக்கின்றன என்ற எண்ணத்தை எனக்குள் எழுப்பி வருத்துகிறது.

கவனக்குறைவாகச் செய்த சோதனையிலும் எதுவும் கிடைக்காதே, அதையும் அச்சிடுவதா என்று நீங்கள் கேட்பது நியாயமே. இதற்கும் இயற்பியலாரிடமே விடை இருக்கிறது. கிடைக்கவில்லை என்று சொல்வதோடு அவர்கள் நிற்பதில்லை. எந்த அளவுக்குச் சிறிய விளைவு வரை தங்கள் கருவியால் கண்டிருக்க முடியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்தக் கணக்கை எல்லாத் துறையினரிடமும் கட்டாயமாகக் கேளுங்கள். அதைக் காட்ட இயலாத கட்டுரையைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள். மூளை அறிவியல் இதழான கார்டெக்ஸ் 2013-இல் தொடங்கிய முன்பதிவுக் கட்டுரை முறையையும் உங்கள் இதழ்களில் ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் தரவுகளைத் திரட்டும் முன்பே கேள்வியும் செய்முறையும் மதிப்பாய்வுக்கு உட்படுகின்றன. ஏற்கப்பட்ட திட்டத்தின்படி ஆய்வு நடந்திருந்தால், முடிவு எதுவானாலும் கட்டுரை வெளியாகும். எதிர்பார்த்தது கிடைக்காததால் ஆண்டுக்கணக்கான உழைப்புக்கு ஒரு கட்டுரைகூட இல்லாமல் துறையை விட்டு விலகும் இளம் ஆய்வாளர்களுக்கு இது பெரும் பாதுகாப்பாகும்.

மதிப்பாய்வாளர்களுக்கு நீங்கள் அனுப்பும் படிவத்தில், முடிவு புதுமையானதா என்ற கேள்விக்கு முன்பாக, எழுப்பப்பட்ட வினா விடை தேடத் தக்கதா, கையாண்ட முறை அதற்குப் போதுமானதா என்ற இரண்டு கேள்விகளை இடம்பெறச் செய்யுங்கள். அடுத்த இதழுக்கான கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த மாற்றத்தைத் தொடங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆய்விதழ்களின் நெடுநாள் வாசகர் ஒருவர்