மினிக்காய்க்குக் கப்பலில் போ: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

விடுமுறைக்கு மாலத்தீவுக்குப் போவதா, லட்சத்தீவுக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியானதிலிருந்து இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டு வருவதால், உனக்குத் தனியாக எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். என் பதில் மினிக்காய். ஆனால் அங்கே போவதென்றால் கப்பலில் போ. போய் இறங்கிய பிறகு, நீயும் உன்னோடு வருகிறவரும் குளிக்கப்போகும் அந்த நீல நீர்ப்பரப்பு அவ்வூர் மீனவர்கள் வேலை செய்யும் இடம் என்பதை அறிந்து நடந்துகொள்ளுங்கள். இவ்விரண்டையும் விளக்கமாகச் சொல்வதற்கே இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மினிக்காய். மற்ற லட்சத்தீவுகளிலிருந்து அதை ஒன்பது டிகிரி கால்வாயும், மாலத்தீவிலிருந்து எட்டு டிகிரி கால்வாயும் பிரிக்கின்றன. அந்தக் கூட்டத்தின் மற்றத் தீவுகளான கவரத்தியிலும் அகத்தியிலும் மலையாளத்தின் ஒரு வழக்கைப் பேசுகிறார்கள். மினிக்காயிலோ பேச்சு மஹல். மாலத்தீவின் திவெஹி மொழியின் ஒரு கிளை அது. வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்தில் எழுதப்படுகிறது. மீன்பிடி முறையும் சமையலும்கூட மாலத்தீவை ஒட்டியவை. நீ மாலத்தீவில் எதைப் பார்க்க விரும்புகிறாயோ, அதில் பெரும்பகுதி இந்திய எல்லைக்குள்ளேயே, மக்கள் குடியிருக்கும் ஓர் ஊராக இருக்கிறது.

மாலத்தீவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1972-ல் அங்கே முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்ட பிறகு, ஆளில்லாத தீவுகளை விருந்தினருக்கு ஒதுக்கிவிட்டு, மக்கள் வாழும் தீவுகளைத் தனியே வைத்துக்கொள்ளும் வழியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்த்தீவுகளில் தங்கும் விடுதிகள் பெருகியது வெகு பிற்காலத்தில்தான். அந்த ஏற்பாட்டுக்கு அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் அதன் விளைவாக, ஒருவர் விமானத்தில் இறங்கி, விசைப்படகில் விடுதிக்குப் போய், நீர்மேல் கட்டிய அறையில் ஒரு வாரம் தங்கி, கடலோடும் மக்கள் ஒருவரின் வீட்டு வாசலைக்கூடக் காணாமல் திரும்பிவிட முடியும். நீ அப்படித் திரும்புவதை நான் விரும்பவில்லை.

கப்பலில் போ என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அந்தத் தீவை அதன் கப்பலிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான். கொச்சி வெலிங்டன் தீவில் கப்பல் ஏறும்போது உன்னுடன் ஏறுகிறவர்களில் சுற்றுலாப் பயணிகள் சிலரே இருப்பார்கள். மற்றவர்கள், கொச்சி மருத்துவமனையில் சிகிச்சை முடித்துத் திரும்புகிறவர்கள், கேரளக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள், பல மாதக் கப்பல் வேலை முடிந்து வீடு போகிற மாலுமிகள். படுக்கைத் தளத்தில் கைக்குழந்தைகளும் அட்டைப் பெட்டிகளும் சாப்பாட்டுத் தூக்குகளுமாக ஒரு தெருவே குடிவந்தது போல இருக்கும். அவர்களோடு பேச்சுக் கொடு. தீவில் இறங்குவதற்கு முன்பே நான்கு வீடுகள் உனக்கு அறிமுகமாகிவிடும்.

இரவில் மேல்தளத்துக்குப் போய்ப் பார். சூயஸ் பக்கத்திலிருந்து கொழும்புக்கும் மலாக்காவுக்கும் போகும் பெருங்கப்பல்களின் பாதை ஒன்பது டிகிரி கால்வாய். வரிசையாக விளக்குகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பாதையை ஒட்டியிருப்பதால்தான் மினிக்காய்க்கு எப்போதும் வெளியுலகத்தின் கவனம் கிடைத்து வந்திருக்கிறது. 1862-ல் ‘கொழும்பு’ என்ற பெயருடைய பயணிகள் நீராவிக் கப்பல் மினிக்காயின் பவளத்திட்டில் மோதி உடைந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் போக்குவரத்து பெருக, ஆங்கிலேயர் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள்; 1885-ல் அது எரியத் தொடங்கியது. இன்றும் வேலை செய்கிற அந்தக் கோபுரத்தில் ஏறிப் பார்க்க அனுமதிக்கிறார்கள். 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை ‘ஜடாயு’ என்ற தளத்தை அத்தீவில் அமைத்ததற்கும் இதே பாதைதான் காரணம்.

லட்சத்தீவுகளில் பல இடங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. பவளத்திட்டுக்கு வெளியே கப்பலை நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே வந்து அணையும் படகில் ஆட்களை இறக்குவார்கள். படகு ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கதவருகில் நிற்கும் இருவர் உன் இரண்டு முழங்கைகளையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அலை படகைத் தூக்கிவந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது “இப்போது” என்று சொல்லி உன்னை விடுவார்கள். அந்தக் கணத்துக்கு முன்னும் காலை வைக்காதே, பின்னும் வைக்காதே. எழுபது வயது மூதாட்டிகள் பேசிக்கொண்டே இறங்குவார்கள். பெட்டிகள் தலைக்கு மேலே கைமாறிக்கொண்டிருக்கும்.

இந்தக் கைப்பழக்கம் நேற்று வந்ததல்ல. மினிக்காயின் ஓடிகள் என்னும் பாய்மரக் கப்பல்கள் மாசிக் கருவாட்டையும் தேங்காய்ப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் வங்காளத்துக்கும் பர்மாவுக்கும் போய் அரிசியோடு திரும்பின. மால்மிகள் என்னும் லட்சத்தீவுக் கப்பல் வழிகாட்டிகள் ஒரு சிறு பலகையையும் அதன் நடுவிலிருந்து வரும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு, அடிவானத்துக்கும் துருவ விண்மீனுக்கும் உள்ள உயரத்தை விரற்கணக்கில் அளந்து, தாங்கள் எந்தத் துறைக்கு நேராக இருக்கிறோம் என்று கண்டார்கள். நீராவிக் கப்பல்கள் வந்தபின் மினிக்காய் ஆண்கள் அவற்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்று உலகச் சரக்குக் கப்பல்களில் அந்தச் சின்னத் தீவின் ஆண்கள் பலர் இருக்கிறார்கள்.

ஆண்கள் கடலில் இருந்ததால் ஊர் பெண்கள் கையில் இருந்தது. வீடும் வாரிசும் பெண்வழியே போகின்றன. மணமான ஆண் மனைவி வீட்டில் வாழ்கிறான். ஊர்ப்பகுதி ஒவ்வொன்றுக்கும் போடுகாக்கா என்னும் ஆண் தலைவர் இருப்பது போலவே, போடுதாத்தா என்னும் பெண் தலைவியும் இருக்கிறார். பொதுவேலைகளைப் பங்கிட்டு, யார் எதைச் செய்வது என்று தீர்மானிப்பது இவர்கள்தான். ஒவ்வொரு ஊர்ப்பகுதியும் தனக்கென்று ஜஹாதோணி என்ற நீண்ட பந்தயப் படகை வைத்திருக்கிறது. வண்ணம் தீட்டிய அந்தப் படகுகளைக் கடற்கரைக் கொட்டகைகளில் பார்ப்பாய். கேட்காமல் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்காதே. அவை ஊரின் மானத்தைச் சேர்ந்தவை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மினிக்காயின் உயிர் சூரை மீன். அதைப் பிடிக்க அவர்கள் பெருவலை போடுவதில்லை. கழியும் தூண்டிலும் மட்டுமே. ஆனால் அந்தத் தூண்டிலில் இரை கிடையாது. இரை வேறு விதத்தில் பயன்படுகிறது. விடிவதற்கு முன்பே படகுகள் பவளத்திட்டுக்குள் அடங்கிய காயலுக்குப் போகின்றன. பவளக் கொத்துகளுக்கு அருகே சதுர வலையை நீரில் தாழ்த்தி, அரைத்த மீனைத் தூவி, விரல் நீளமுள்ள சிறுமீன்களை அதன் மேலே வரவழைத்து, நான்கு மூலையையும் ஒரே சமயத்தில் தூக்குகிறார்கள். பிடித்த மீன்களை உயிரோடு வைத்திருப்பதுதான் வித்தை. படகின் நடுவே ஓர் அறை. அதன் அடியில் துளைகள். துளைகளைத் திறந்துவிட்டால் கடல்நீர் உள்ளே ஊறி வந்துகொண்டே இருக்கும்; அந்த நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் மீன் சாகாது. நான் பார்த்த படகில் ஒரு பையன் அந்த அறையின் விளிம்பில் குந்தி, செத்து மிதக்கும் மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டே இருந்தான். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அவன் தலை நிமிரவில்லை.

வெளிக்கடலில் பறவைகள் வட்டமிடும் இடத்தைக் கண்டதும் படகு அங்கே விரைகிறது. ஒருவர் உயிர்மீன்களைக் கைப்பிடி கைப்பிடியாக நீரில் எறிகிறார். நீர் தெளித்துக் கடலின் மேற்பரப்பைச் சலசலக்கச் செய்கிறார்கள். சிறுமீன் கூட்டம் என்று வெறி கொண்டு மேலே வரும் சூரைகள் எதைக் கண்டாலும் கவ்வுகின்றன. படகின் அகன்ற பின்பகுதியில் வரிசையாக நிற்பவர்கள் கழியை வீசி, கவ்விய மீனைத் தலைக்கு மேலாக உள்ளே இழுக்கிறார்கள். தூண்டில் முள்ளில் பின்னோக்கிய கூர் கிடையாது. கயிறு தளர்ந்த கணமே மீன் தானாகக் கழன்று தளத்தில் விழும், முள் மறுபடி கடலுக்குப் போகும். வேண்டாத மீன், ஆமை, டால்பின் எதுவும் இதில் சிக்கி வீணாவது மிக அரிது. உலகத்தில் சூரை பிடிக்கும் வழிகளில் இதைவிடத் தூய்மையான ஒன்று எனக்குத் தெரியாது.

கரைக்கு வந்த சூரையைத் தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கில் துண்டுகளாக்கி, உப்புநீரில் வேகவைத்து, தேங்காய் மட்டைப் புகையில் வாட்டி, வெயிலில் நாள்கணக்கில் காயவைத்தால் மரக்கட்டை போல இறுகிவிடும். ஏறத்தாழ ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுருங்கும். அதுதான் மாசி. யாழ்ப்பாணத்திலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சம்பலில் இடிபடுகிற அதே மாசிதான். பச்சை மீனாக ஒரு நாள்கூடத் தாங்காததை மாதக்கணக்கில் கெடாத பொருளாக்கியதால்தான் அந்த ஓடிகளுக்குத் தூரதேச வாணிபம் கைகூடியது.

இப்போது திரும்பிப் பார். மாசிக்குச் சூரை வேண்டும்; சூரைக்கு இரைமீன் வேண்டும்; இரைமீனுக்குக் காயல் வேண்டும். அந்தச் சிறுமீன்களில் பல, கிளைவிட்ட பவளங்களின் இடுக்குகளில் ஒளிந்து வாழ்பவை. பவளம் செத்தால் அவை ஒதுங்க இடமில்லை. கடல் சூடேறியதால் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவில் பவளங்கள் வெளுத்தன. ஒரு தரம் தேறுவதற்குள் அடுத்த அடி விழுகிறது. அந்தச் சூட்டை நீயோ நானோ கரையில் நின்று தடுக்க முடியாது. ஆனால் தேறிக்கொண்டிருக்கும் ஒரு கொத்தைக் காலால் மிதித்து உடைக்காமல் இருக்க முடியும். நீர் வற்றும் நேரத்தில் திட்டின் மேல் நடக்காதே. முகமூடி அணிந்து மிதக்கும்போது களைத்தால் பவளத்தின் மேல் எழுந்து நிற்காதே. மணல் தரையைத் தேடிப் போ. உயிரோடிருந்தாலும் செத்ததாக இருந்தாலும் பவளத்துண்டை ஊருக்கு எடுத்து வருவது குற்றம். விடியற்காலையில் இரைவலை போடும் படகுகள் இருந்தால் அந்தப் பக்கம் நீந்தப் போகாதே. நீ ஒரு கையை அடித்தாலே அரைமணி நேரம் காத்துச் சேர்த்த கூட்டம் கலைந்துவிடும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவளத்தீவில் ஆறு கிடையாது. மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் கிணறு உப்பாகிவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் கவரத்தியிலும், 2011-ல் மினிக்காயிலும் அகத்தியிலும் நன்னீர் ஆலைகளை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து குழாயில் ஏற்றும் குளிர்ந்த நீரைக் கொண்டு அதை நன்னீராகக் குளிரவைக்கும் ஆலைகள் அவை. மினிக்காய் ஆலையின் திறன் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011 கணக்குப்படி மினிக்காயில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்கிறார்கள்; தலைக்குப் பத்து லிட்டர்கூட முழுதாக வராது. கடலில் குளித்துவிட்டு வந்து குழாயடியில் கால்மணி நேரம் நிற்பதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்.

மினிக்காயில் விமானத்தளம் வர வேண்டும் என்ற திட்டம் பேசப்பட்டு வருகிறது. நோயாளியை அவசரமாகக் கொண்டுசெல்ல வழி வேண்டும் என்று தீவு மக்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலத்தில், விமானம் விமானமாக விருந்தினரை இறக்குவது வேறு விஷயம். எத்தனை பேர்வரை அந்தக் காயலும் கிணறும் தாங்கும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் போடுகாக்காக்களும் போடுதாத்தாக்களும்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

போவதற்கான வழி: நிர்வாகத்தின் நுழைவு அனுமதி இல்லாமல் இந்தியர்களும் தீவுக்குள் போக முடியாது, 1967 முதலே அதற்கு விதிகள் இருக்கின்றன. மது கிடையாது. ஊருக்குள் நடக்கும்போது இருவரும் தோளும் முழங்காலும் மூடும்படி உடுத்துங்கள். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும். படகுகள் கரையேறிவிடும், கப்பல்களும் குறையும். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை உள்ள நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடு. சூரைப் பருவமும் அதுதான். அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டு எனக்கு எழுது. எந்தக் கப்பல் நேரே மினிக்காய்க்குப் போகிறது, எது மற்றத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று கால அட்டவணையை வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா