ஒரிஜினல் சேராமல் கையைத் திறக்காதே

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. விடுமுறை நாள்களில் உன் அறைத் தோழிகள் ரம்மி ஆட உட்கார்ந்தால், விதி தெரியாத நீ மட்டும் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். தொலைபேசியில் விளக்கினால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். பக்கத்தில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு படி.

நாலு பேர் ஆடினால் இரண்டு கட்டு வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோக்கரைச் சேர்த்தால் மொத்தம் 106 சீட்டு. ஆளுக்கு 13 போட்டபின், மிச்சத்தில் ஒன்றை உருவி மல்லாத்தி வைப்பார்கள். அது 7 என்றால் அந்த ஆட்டத்துக்கு எல்லா 7-ம் ஜோக்கர், அதாவது வேறு எந்தச் சீட்டுக்கும் பதிலாக வைத்துக்கொள்ளலாம். உன் முறை வரும்போது கவிழ்த்த கட்டிலிருந்தோ, முந்தைய ஆள் கீழே போட்டதிலிருந்தோ ஒன்றை எடுத்து, வேண்டாத ஒன்றைப் போட வேண்டும். ஒரே இனத்தில் வரிசையாக மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது ரம்மி. ஒரே எண் வெவ்வேறு இனத்தில் மூன்றோ நாலோ சேர்ந்தால் செட்டு. ஏஸை 2, 3-க்கு முன்னாலும் வைக்கலாம், ராணி, ராஜாவுக்குப் பின்னாலும் வைக்கலாம். ராஜா, ஏஸ், 2 என்று வளைத்துக் கட்டக் கூடாது. இரண்டு கட்டு கலந்திருப்பதால் இரண்டு இஸ்பேட் ராஜா உன் கைக்கு வரக்கூடும். ஒரே செட்டில் இரண்டையும் வைத்தால் செல்லாது.

(ஹார்ட்ஸை ஆட்டின் என்றும் கிளப்ஸைக் கிளாவர் என்றும் நீ சொல்வதைக் கேட்டு அவர்கள் சிரித்தால் கூச்சப்படாதே. டச்சு மொழியிலும் அவற்றுக்கு ஏறக்குறைய அதே பெயர்தான். தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கடை வைத்திருந்த ஊர் நம்முடையது.)

இனி முக்கியமானதற்கு வருகிறேன். 13 சீட்டும் ரம்மியும் செட்டுமாகச் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. குறைந்தது இரண்டு ரம்மி இருக்க வேண்டும்; அதில் ஒன்று ஜோக்கர் கலக்காத ஒரிஜினலாக இருந்தே தீர வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, பல நாள் மின்சாரம் இல்லாத இரவுகளில். நீ அப்போது மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு ஆயாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாய். அப்பாவும் அத்தையும் ஆயாவும் ஆடுகிற பாயில் நான் நாலாவது ஆள். காசுக்குப் பதில் புளியங்கொட்டை.

அன்று 7 ஜோக்கர். ஆட்டின் 4, 5 வைத்திருந்த எனக்குக் கிளாவர் 7 வந்தது. அதை 6 ஆக்கிக்கொண்டு அந்த வரிசை முடிந்ததென்று நிம்மதியானேன். அடுத்த முறை கட்டிலிருந்து ஆட்டின் 6 வந்தபோது, வேண்டாத சீட்டு என்று கீழே போட்டேன். அடுத்து உட்கார்ந்திருந்த ஆயா அதை வாய் திறக்காமல் எடுத்துக்கொண்டார். பிறகு டைமன் 9, 10 உடன் அச்சடித்த ஜோக்கர், மூன்று ராஜா, நாலு 2 என்று எல்லாம் சேர்ந்துவிட, பெருமையாகக் கையைத் திறந்து ஷோ வைத்தேன். ஆயா மெழுகுவத்தியை நகர்த்தி, என் வரிசைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் எங்கேம்மா?" என்று கேட்டார். தப்பு ஷோவுக்கு முழுசாக 80 புள்ளி; இதில் புள்ளி ஏறுவது நஷ்டம். நான் தூக்கிப் போட்ட அந்த ஆட்டின் 6-ஐ வைத்திருந்தால் ஒரிஜினலும் சேர்ந்திருக்கும், ஜோக்கர் ஒன்று மிச்சமும் ஆகியிருக்கும். ஒரு நுணுக்கம் சொல்கிறேன்: அதே ஆட்டத்தில் ஆட்டின் 7 கிடைத்து, 5, 6, 7 என்று அதன் சொந்த இடத்திலேயே நின்றால், அது ஜோக்கராக இருந்தாலும் அந்த வரிசை ஒரிஜினல்தான்.

இன்னொருவர் ஷோ வைக்கும்போது கையில் ஒரிஜினல் இல்லை என்றால், நீ சேர்த்து வைத்த செட்டெல்லாம் வீண்; எல்லாச் சீட்டும் கணக்கில் ஏறும். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி பத்துப் பத்து, மற்றவை அதனதன் எண், ஜோக்கருக்குப் புள்ளி இல்லை, உச்சம் 80. ஆகவே ஒரிஜினல் சேரும் வரை பெரிய சீட்டுகளைக் கட்டிக்கொண்டு அழாதே. போட்ட கை மோசமாக இருந்தால் முதல் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஸ்கூட் சொல்லி அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடு. 20 புள்ளியோடு போகும். நடுவில் விட்டால் 40. உன் அப்பா ஒருநாளும் ஸ்கூட் சொன்னதில்லை. அவர் புளியங்கொட்டைதான் முதலில் தீரும்.

எதற்குக் காத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிக்கொள். 4, 5 கையில் இருந்தால் 3-ம் வரலாம், 6-ம் வரலாம். இரண்டு கட்டிலும் சேர்த்து நாலு சீட்டு உனக்கு உதவும். 4, 6 என்று நடுவில் ஓட்டை விட்டு வைத்திருந்தால் இரண்டே சீட்டுதான். அந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே கீழே விழுந்திருந்தால், அதற்காக உட்கார்ந்திருப்பது வெட்டி வேலை. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதுதான் ஆட்டமே. நீ இருக்கும் ஹைதராபாத்துக்கு ஒட்டிய செகந்திராபாத்தில் ஒரு கிளப்பைப் பற்றிய வழக்கில், 1967-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லித்தான் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அதற்காகப் பணம் வைத்து ஆடலாம் என்று எடுத்துக்கொள்ளாதே. உங்கள் மாநிலத்தில் 2017 முதல் அதற்குத் தடை. இங்கிருந்து புளியங்கொட்டை அனுப்புகிறேன்.

பண்ருட்டி முந்திரியோடு நம் வீட்டு இரண்டு கட்டையும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றில் கிளாவர் 9 எப்போதோ தொலைந்துபோனதால், அதே கட்டில் மிச்சமிருந்த ஜோக்கர் ஒன்றின் மேல் ஆயா தன் கையாலேயே நீல மையில் கிளாவர் 9 என்று எழுதி வைத்திருக்கிறார். அதை யாரும் ஜோக்கர் என்று நினைத்து ரம்மியில் செருகிவிடாதபடி, கட்டைக் கலைப்பதற்கு முன்பே எல்லோரிடமும் காட்டிவிடு.

அன்புடன்,
அம்மா