சாதனைப் பலகையின் பின்னால் நிற்பவர்களுக்கு

அன்புக்குரிய ஊரவர்களுக்கும், உள்ளூரிலும் புலம்பெயர் தேசங்களிலும் வாழும் எமது பாடசாலையின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று, 1958ஆம் ஆண்டுக்கும் 1990ஆம் ஆண்டுக்கும் இடையில் எமது பாடசாலைக்காக ஓடியும் பாய்ந்தும் எறிந்தும் பெயர் சேர்த்த 14 பழைய வீரர் வீராங்கனைகளைக் கௌரவித்து, அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய சாதனைப் பலகையை மண்டபச் சுவரில் திறந்து வைத்தோம். மாலையும் பொன்னாடையும் வாழ்த்துரையும் அவர்களுக்கு அன்றே கிடைத்துவிட்டன. ஆனால் அந்த 14 பேரையும் தேடிக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு நன்றி சொல்ல மேடையில் இரண்டு நிமிடம்கூட ஒதுக்காமல் விட்டது எமது ஏற்பாட்டுக் குழுவின் குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே இம்மடலை எழுதுகிறோம். உதவியவர்களிற் பலர் தம் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சிலரைப் பெயர் சொல்லிச் சிலரை விடுவதைவிட, எவர் பெயரையும் எழுதாமல் விடுவதே முறை என்று முடிவு செய்தோம். வாசிக்கும்போது யார் யாரென்று ஊருக்குத் தெரியும்.

இப்படியொரு தேடல் ஏன் தேவைப்பட்டது என்பதை இளையவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 யூன் மாதம் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது பாடசாலையும் எம்மோடு இடம்பெயர்ந்தது. மேசை கதிரைகளைக்கூட எடுக்க முடியாத அந்த அவசரத்தில், அதிபர் அறை அலுமாரியில் இருந்த வெற்றிக் கிண்ணங்களையும், சுவரில் வரிசையாகத் தொங்கிய குழுப் படங்களையும், பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் எவரும் நினைக்கவில்லை. இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நம்பினோம். போர் முடிந்து, காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு, நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது கட்டடத்துக்குக் கூரையே இருக்கவில்லை. ஓடுபாதை இருந்த இடத்தில் பற்றைகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. இந்தப் பாடசாலையில் யார் எவ்வளவு தூரம் பாய்ந்தார்கள், எத்தனை செக்கனில் ஓடினார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சவில்லை என்றே அன்று நினைத்தோம்.

ஆகவே முதல் நன்றி, எமது உடற்கல்வி ஆசிரியராக நீண்டகாலம் பணியாற்றி மறைந்த மாஸ்ரரின் மகளுக்கு உரியது. மாஸ்ரர் ஒவ்வொரு போட்டியின் முடிவையும் கறுப்பு மட்டைக் கொப்பியொன்றில் தன் கையால் எழுதி வைத்திருந்தார் என்பது எங்களில் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே மங்கலாக நினைவிருந்தது. அந்தக் கொப்பியை அவர் பாடசாலையில் வைக்காமல் வீட்டில் வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அவருடைய மகள் தன் இரண்டு பிள்ளைகளோடும், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கொஞ்சம் அரிசி ஆகியவற்றோடும் இந்தக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்றிருக்கிறார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டோம். அப்பா அதை மேசையில் வைத்துவிட்டுப் போனவர், அதனால் எடுத்தேன் என்றார். அதற்குமேல் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் போட்டி முடிவு எதுவும் இல்லை. பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய செய்தியொன்று, பசை காய்ந்து பழுப்பேறிப்போய் இருக்கிறது. 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுக்கொடுத்த செய்தி அது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த ஒருவர் ஹெல்சிங்கி, மெல்பேர்ண் என இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் பாய்ந்து, பின்னர் ஆசியாவிலேயே உயரமாகப் பாய்ந்த காலம் எமது மாஸ்ரரை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கலாம். அவ்வாண்டு முதலே கொப்பி தொடங்குகிறது. மணற் குழிக்குள் விழுந்து பாய வேண்டியிருந்த அந்நாளில் எமது மாணவர் ஒருவர் 5 அடி 10 அங்குலம் பாய்ந்ததை அவர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறார்.

எதிர்வீரசிங்கம் அவர்களின் பெயரை இங்கே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாரைக் கௌரவிப்பது என்று குழுவில் விவாதம் எழுந்தபோது, பதக்கத்தை மட்டும் பார்ப்பதா, அதன் பின்னர் அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் பார்ப்பதா என்பதில் நாங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றோம். கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, மேற்கு ஆபிரிக்காவிலும் பப்புவா நியூகினியிலும் கற்பித்து, யுனெஸ்கோவிலும் பணியாற்றிய அந்த மனிதரின் வாழ்க்கையை உயரம் பாய்தலோடு மட்டும் நிறுத்திவிட முடியுமா என்று கேட்டு விவாதத்தை முடித்து வைத்தவர், குழுவிலேயே வயதில் இளையவரான எமது கணித ஆசிரியை. அவருக்கும் நன்றி.

கொப்பி கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. அதில் பெயர்களுக்கு முன்னால் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. சில பக்கங்களில் அவையும் இல்லை. எந்த முதலெழுத்துக்கு உரியவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று அறிய, பழைய பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் தேட வேண்டியதாயிற்று. 1981 யூன் முதலாம் திகதியோடு யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்துபோன ஊரில் அது இலகுவான காரியமல்ல. நூலகம் நிறுவனம் இணையத்தில் மின்வருடி வைத்திருக்கும் பழைய இதழ்களையும் மலர்களையும் எமது உயர்தர மாணவிகள் மூவர் இரவிரவாகப் பக்கம் பக்கமாகப் பார்த்து, ஒன்பது பெயர்களை உறுதிப்படுத்தித் தந்தார்கள். பரீட்சைக் காலத்தில் இதைச் செய்தார்கள் என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது; முதலில் தெரிந்திருந்தால் மறித்திருப்போம்.

அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபதுகளில் ஓட்டங்கள் மீற்றரில் அல்ல, யார் (yard) கணக்கில் நடந்தன. நேரம் ஐந்தில் ஒரு செக்கன் காட்டும் நிறுத்தற் கடிகாரத்தால் எடுக்கப்பட்டது. 100 யார் என்பது 91.44 மீற்றர் என்பதால், 10 2/5 செக்கன் என்று எழுதியிருப்பதை இன்றைய 100 மீற்றர் ஓட்டத்தோடு பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் மயங்கிப்போவார். எல்லாவற்றையும் மீற்றருக்கு மாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னபோது, ஓடாத தூரத்துக்கு நேரம் எழுதுவது பொய் என்று மறுத்துப் பேசிய ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஐயாவின் சொல்லே நின்றது. பலகையில் யாரும் அடியும் அங்குலமும் அப்படியே இருக்கின்றன.

இனி, எமது பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம். முதலில் நாங்கள் தயாரித்த பட்டியலில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் ஆண்கள். வல்வெட்டித்துறையிலிருந்து வேறொரு அலுவலாக வந்திருந்த முதிய அம்மா ஒருவர் அந்தப் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, அப்ப நாங்கள் ஓடினது ஆருக்கு என்று மட்டும் கேட்டார். கொப்பியை மறுபடியும் திறந்தோம். மாஸ்ரர் பெண்களின் முடிவுகளைப் பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி எழுதியிருந்தார்; முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். நாங்கள் முன்பக்கத்தோடு நின்றுவிட்டோம். வசாவிளான் மத்திய கல்லூரியில் படித்த தர்ஜினி சிவலிங்கம் 2011 உலக வலைப்பந்தாட்டத் தொடரில் சிறந்த கோல் எறிவாளராகத் தெரிவானதையும், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் புதுப்பித்ததையும் எமது மண்ணின் பெருமையாக மேடைதோறும் பேசும் நாங்கள், எமது சொந்தக் கொப்பியின் பின்பக்கத்தைப் புரட்டாமல் விட்டதற்கு வெட்கப்படுகிறோம். நான்கு வீராங்கனைகள் பட்டியலில் சேர்ந்தது அந்த அம்மாவினால்தான். அவர்களுள் அவரும் ஒருவர் என்பதை அவர் வாயால் சொல்லவேயில்லை.

பெயர் தெரிந்த பின்னர் ஆட்களைத் தேடும் வேலை தொடங்கியது. ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் தன் பழைய சைக்கிளிலேயே அளவெட்டி, மல்லாகம், ஏழாலை, சுன்னாகம் என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்வந்தார். இடம்பெயர்ந்தவர்கள் மூன்று நான்கு முறை முகவரி மாறியிருந்தார்கள். அவரோ கடிதம் கொடுத்த காலத்து நினைவை வைத்துக்கொண்டு, இன்னாருடைய மருமகன், இன்ன வளவுக்குப் பின்னால் என்று பிடித்துக்கொண்டே போனார். 880 யார் ஓட்டத்தில் மூன்றாண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றவர், சைக்கிள் திருத்தும் கடை வைத்துப் பிள்ளைகள் நால்வரைப் படிப்பித்தவராகச் சுன்னாகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். தபாற்காரர் அந்தக் கடையில் பத்து வருடமாகக் காற்றடித்திருக்கிறார். ஈட்டி எறிந்த வீராங்கனை குடும்பநல உத்தியோகத்தராகி, வன்னியில் போர் நடந்த காலமெல்லாம் பதுங்குகுழிகளுக்குப் பக்கத்தில் பிரசவம் பார்த்திருக்கிறார். அவரைத் தேடித்தந்தவர், அவர் கையில் பிறந்து இன்று முல்லைத்தீவில் ஆசிரியராக இருக்கும் இளைஞர். மூங்கிற் கோலை யாழ்தேவியில் ஏற்ற விடாமல் புகையிரத நிலையத்தில் மறித்த கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்த கோலூன்றிப் பாய்தல் வீரர், கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் அதே கோலால் பாய்ந்து பதக்கத்தோடு திரும்பியவர். மேசன் தொழில் செய்து இன்றும் உழைத்து உண்கிறார். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்தவர்களை வைபர் குழுக்கள் ஒரே நாளில் பிடித்துத் தந்தன.

எழுதக் கடினமானது அஞ்சலோட்டக் குழுவைப் பற்றியது. நால்வர் ஓடிய அந்தக் குழுவில் ஒருவர் ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தார், இன்னொருவர் ஊரில் இருக்கிறார், முதலாவதாக ஓடியவர் நோயினால் காலமாகிவிட்டார். மூன்றாவதாக ஓடியவர் 2009 மே மாதத்துக்குப் பின்னர் எங்கே என்று தெரியவில்லை. அவருடைய பெயருக்கு முன்னால் அமரர் என்று எழுதுவதா விடுவதா என்று கேட்க நாங்கள் அவருடைய தமக்கையாரிடம் போனோம். எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை. விழாவன்று நான்கு கதிரைகள் போட்டு, ஒன்றில் காலமானவரின் மகனும் இன்னொன்றில் அந்தத் தமக்கையாரும் அமர்ந்து சின்னங்களைப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கு எங்களோடு வந்து, பேச்சைத் தொடங்கத் தெரியாமல் நாங்கள் திகைத்தபோது தானே தொடங்கி வைத்த எமது முன்னாள் உப அதிபர் அம்மாவுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பணம் தந்தவர்களுக்கான கணக்கறிக்கை பாடசாலை அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். லண்டன், ரொறன்ரோ, சிட்னி ஆகிய இடங்களில் உள்ள பழைய மாணவர்கள் கேட்டதற்கு மேலாகவே தந்தார்கள். பலகையைச் செய்த தச்சர் மரத்துக்கு மட்டுமே விலை எடுத்தார். பெயர் எழுதியவர், ஒரு வீராங்கனையின் முதலெழுத்து தவறியதை விழாவுக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்குச் சொன்னபோது, முகம் சுளிக்காமல் வந்து சுரண்டி அழித்து, காய்வதற்கு மின்விசிறி பிடித்து விடிய விடிய நின்றார். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட மாணவர்கள், பாண்ட் வாத்தியக் குழுவினர், சாரணர்கள், முந்நூறு பேருக்குப் பாணும் சம்பலும் பருப்புக் கறியும் சமைத்த தாய்மார், மழை வரப்போகிறது என்று பந்தலை இழுத்துக் கட்டிய இளைஞர் ஆகிய அனைவருக்கும் எமது நன்றி உரியது. மழை வரவில்லை, பந்தல்காரரின் உழைப்பு வீண் என்று எவரும் சொல்ல வேண்டாம், வெயிலுக்கு அது உதவியது.

கொப்பியில் 1970க்கும் 1973க்கும் இடைப்பட்ட பக்கங்கள் நனைந்து ஒட்டிப்போனதால் வாசிக்க முடியவில்லை. அவ்வாண்டுகளில் ஓடியவர்களிடமோ அவர்களுடைய பிள்ளைகளிடமோ சான்றிதழோ படமோ இருந்தால் அதிபரிடம் காட்டி உதவுமாறு வேண்டுகிறோம். பலகையின் கீழ்ப்பகுதியில் ஆறு வரிகள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. வாசிக்கக்கூடிய பக்கங்கள் அனைத்தும் படி எடுக்கப்பட்டு நூலக அறையில் வைக்கப்பட்டுள்ளன. அசலைப் பாடசாலைக்கே தந்துவிடட்டுமா என்று மாஸ்ரரின் மகள் கேட்டார். அது அவர் வீட்டில் இருப்பதே பாதுகாப்பு என்று சொல்லி, புதிய பையொன்றில் சுற்றி அவரிடமே கொடுத்துவிட்டோம்.

நன்றியுடன்,
செயலாளர்,
ஏற்பாட்டுக் குழுவினர் சார்பில்