ஜி. சுப்பிரமணிய ஐயரின் இரண்டாம் பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைத் துறையிலிருந்து அரசியல் களத்துக்கு வந்தவர்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. 'ஹிந்து'வைத் தொடங்கியவர், காங்கிரசின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் என்ற இரண்டு செய்திகளோடு அந்தப் பத்தி முடிந்துவிட்டது. இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டும் அவருடைய முப்பதாவது வயதுக்குள் நடந்தவை. அதற்குப் பிறகு அவர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் பிறந்த திருவையாற்றில் வாழ்கிறவன் என்ற உரிமையோடு, விடுபட்ட அந்த ஆண்டுகளைப் பற்றித் தங்களுக்கு எழுதுகிறேன்.

கட்டுரை, அவர் முதலில் பத்திரிகையாளராக இருந்து பின்னர் அரசியலுக்குத் தாவினார் என்பது போன்ற எண்ணத்தைத் தருகிறது. நடந்தது அப்படியன்று. 1878-ல் திருவாரூர் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, வெள்ளையர் நடத்திய ஏடுகள் அந்த நியமனத்தை ஏளனமாக எதிர்த்து எழுதின. அதற்குப் பதில் சொல்ல நம்மவர்களிடம் ஓர் ஏடு இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், அவர்களில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கித் தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 படிகள் அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று 'ஹிந்து' என்ற பெயரில் வெளிவந்த அந்த வார ஏட்டின் ஆசிரியரான ஐயருக்கு வயது 23. ஆகவே ஏடு பிறந்ததே ஓர் அரசியல் வாதத்துக்காகத்தான். 1884-ல் சென்னை மகாஜன சபையை நிறுவியவர்களில் ஒருவராகவும், 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய 72 பிரதிநிதிகளின் முன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவராகவும் அவர் ஆனது அதே பணியின் தொடர்ச்சி.

மாறியது அவர் யாரை நோக்கிப் பேசினார் என்பதே. இந்திய நிர்வாகத்தைப் பற்றி விசாரிக்க ஓர் அரச ஆணையம் வேண்டும் என்று கேட்ட அந்த முதல் தீர்மானம், ஆள்பவரை நோக்கி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விண்ணப்பம். 1897-ல் இந்தியச் செலவினம் குறித்த வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளிக்க லண்டன் சென்றபோதும் அவர் அந்த வழியிலேயே நின்றார். ஆனால் 1882-லேயே 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார ஏட்டையும் அவர் தொடங்கியிருந்தார். ஆங்கிலம் அறியாத குடியானவனுக்கும் கடைக்காரனுக்கும் நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் இருந்தது. 1898-ல் 'ஹிந்து'வை நண்பர் வீரராகவாச்சாரியாரிடம் விட்டுவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே 'சுதேசமித்திரன்' நாளேடாயிற்று. இருபது ஆண்டுகள் வளர்த்த ஆங்கில ஏட்டை 43 வயதில் விட்டு, தமிழில் நாள்தோறும் எழுதுவது என்று அவர் எடுத்த அந்த முடிவைத்தான் நான் அவர் வாழ்வின் நடு அச்சாகக் கருதுகிறேன். கட்டுரையில் அது ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவர் 'ஹிந்து'வை விட்டதற்குப் பணமுடையும் ஒரு காரணம், சமூகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய வேகமும் ஒரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் விதவை மறுமணத்தை ஆதரித்து மேடையில் பேசியவர்கள் பலர் இருந்தார்கள். தங்கள் வீட்டுக்குள் அந்தப் பேச்சு நுழையாதபடி பார்த்துக்கொண்டவர்களும் அவர்களே. ஐயருடைய மகள் சிறு வயதிலேயே கணவனை இழந்தாள். 1889-ல் அவர் அந்தப் பெண்ணைப் பம்பாய்க்கு அழைத்துச் சென்று மறுமணம் செய்து வைத்தார். ஊரும் உறவும் அவரை ஒதுக்கி வைத்தன. வைதிகக் குடும்பத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் அக்கம்பக்கத்தார் அனைவரும் ஆசாரம் பார்க்கும் தெருக்களில் வாழ்ந்த ஒருவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று, எங்கள் ஊர் அக்கிரகாரத்தின் பழைய கட்டுப்பாடுகளைப் பெரியவர்கள் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த எனக்கு ஓரளவு புரிகிறது. நல்லது கெட்டதற்கு அழைப்பு வராது; வீட்டில் ஒரு திவசம் என்றால் பிராமணார்த்தத்துக்கு, அதாவது திவசச் சாப்பாட்டுக்கு, உட்கார ஆள் கிடைக்காது. அவருடைய தலையங்கங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு செயல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ் நாளேடு நடத்துவது எளிதான வேலையாக இல்லை. தந்தியில் வந்த செய்திகள் அத்தனையும் ஆங்கிலம். அவற்றைச் சொல்லத் தமிழில் பழகிய சொற்கள் இல்லை. அந்தப் பணிக்கு 1904 நவம்பரில் மதுரையிலிருந்து, சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை ஐயர் அழைத்து வந்தார். சுப்பிரமணிய பாரதி உதவி ஆசிரியராகச் சேர்ந்து, நாள்தோறும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்கிக் கொடுத்தார். பாரதியின் உரைநடை பழகியது அந்த மேசையில். ஏட்டின் நிதானம் பாரதிக்குப் போதவில்லை. 1906-ல் 'இந்தியா' வார இதழுக்குச் சென்றுவிட்டார். ஆயினும் ஐயரும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி இயக்கம் எழுந்தபோது, கடற்கரைக் கூட்டங்களிலும் வெளியூர்களிலும் தமிழில் பேசி, அந்நியத் துணியை விலக்கச் சொன்னார். ஒரு காலத்தில் ஆணையத்தின் முன் சாட்சியாக அமர்ந்தவரை அரசாங்கம் ராஜத் துரோகியாகப் பார்க்கத் தொடங்கியது.

1908-ம் ஆண்டை இப்போதைய வாசகர்கள் வ.உ.சி.யின் தண்டனையோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐயரும் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் உடல் நலம் குன்றியிருந்தார். நன்னடத்தைக்கு உறுதி எழுதிக் கொடுத்த பின் விடுவிக்கப்பட்டார். அவரைப் போற்றி எழுதுபவர்கள் இந்தச் செய்தியைத் தவிர்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தவிர்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஐம்பத்து மூன்று வயதில், நோயோடு, தம்மை நம்பி நடந்த ஏட்டையும் தாங்கிக்கொண்டிருந்த ஒருவரை, இளைஞர்களான சிறைவாசிகளோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுவதும் சரியில்லை. அந்த நிகழ்ச்சியே நடக்காதது போல எழுதுவதும் சரியில்லை. அதன் பிறகு அவரை வாட்டிய தோல் நோய் கொடியது. 1915-ல் சென்னைக்கு வந்த காந்தியடிகள் அவரைத் தேடிச் சென்று பார்த்தார். அந்த ஆண்டே 'சுதேசமித்திரன்' ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் கைமாறியது. 1916 ஏப்ரல் 18 அன்று ஐயர் காலமானார்.

என் தாத்தா அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய ஏட்டைக் கடைசி வரை விடவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, மத்தியான பேருந்தில் தஞ்சாவூரிலிருந்து வரும் 'சுதேசமித்திர'னை வாங்கி வந்து அவர் கையில் கொடுப்பது என் வேலை. திண்ணையில் தூணில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, அவர் உரக்கப் படிப்பார். வயலிலிருந்து வருகிற நாலைந்து பேர், எழுத்துத் தெரியாதவர்கள், தெருவில் நின்றபடியே கேட்பார்கள். ஒருவர் மட்டும், "சாமி, அந்த நெல்லு விலை சேதிய இன்னொருக்கா படிங்க" என்று தினமும் கேட்பார். தாத்தாவும் சலிக்காமல் மறுபடி படிப்பார். 1899-ல் ஐயர் யாருக்காகத் தமிழில் நாளேடு நடத்த முனைந்தாரோ அவர்கள் அந்தத் தெருவில் நின்றவர்கள்தாம் என்று பின்னாளில் எனக்குத் தோன்றியது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். 'சுதேசமித்திர'னில் வெளியான பாரதியின் எழுத்துகளை அறிஞர்கள் தேடித் தொகுத்துத் தந்துவிட்டார்கள். அதே ஏட்டில் ஐயர் ஆசிரியராக இருந்த காலத்துத் தலையங்கங்களைப் பொது வாசகர்கள் படிக்கும் வாய்ப்பு அரிதாகவே உள்ளது. நூலகங்களில் எஞ்சியிருக்கும் இதழ்களிலிருந்து மாதம் ஒன்றாக, எழுத்தும் நடையும் மாற்றாமல், சிறு குறிப்போடு தாங்கள் வெளியிட முன்வந்தால், பழைய தாள்களைப் படியெடுத்து எழுதித் தரும் வேலையில் என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருவையாறு.